பெரியபாளையத்துப் பிள்ளையின் ஒரு லட்சம் வராகன்!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் போதும்... ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துத் தெருக்களில் எல்லாம் பெரியபாளையம் போவது பற்றியே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வேன் வந்து நிற்கும். பொங்கல் பானை, வேப்பிலை, மஞ்சள், குங்குமம் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவீர்கள். ஆரணி ஆற்றங்கரையில் குடிகொண்டிருக்கும் பவானி அம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்திப் பிரார்த்தனை செலுத்தி, பொங்கல் வைத்து, மனம் குளிர வீடு திரும்புவீர்கள்.

அந்த அம்மன் குடியிருக்கும் ஊரில்தான், சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஏழைக் கைம்பெண்ணுக்கு ஒரு பிள்ளை பிறந்தது என்பது தெரியுமா? அந்தப் பிள்ளைதான் பின்னாளில் காசி முதல் கன்னியாகுமரி வரை கோயில்களுக்குக் கட்டளை எழுதி வைத்தவர். இன்றும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கல்லூரிகளுக்குப் பெயர் தந்தவர். ஆம்... வள்ளல் பச்சையப்ப முதலியார்!

அவருடைய கதையில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. தர்மத்துக்குப் பணம் கொடுப்பது பாதிப் புண்ணியம்தான். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததா என்று பார்ப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை யாரும் செய்யாமல் விட்டிருந்தால், பச்சையப்பரின் பெயரே நமக்குத் தெரியாமல் போயிருக்கும்!

தாயின் துணிச்சல்

பச்சையப்பரின் தந்தை விசுவநாத முதலியார் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். பிள்ளை பிறக்கும் முன்பே அவர் காலமாகிவிட்டார். தாயார் பூச்சியம்மாளின் நிலையை எண்ணிப் பாருங்கள். கையில் இரண்டு பெண் குழந்தைகள், வயிற்றில் ஒரு குழந்தை, வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. சொந்த ஊரை விட்டுப் பெரியபாளையம் வந்து, அங்கே ரெட்டி ராயர் என்ற பெரிய மனிதரின் ஆதரவில் தங்கினார். 1754-ம் ஆண்டு பச்சையப்பர் பிறந்தார்.

பிள்ளைக்குச் சுமார் ஐந்து வயதானபோது, தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு சென்னப்பட்டணம் வந்து சேர்ந்தார். அங்கே அவர்களுக்கு நிழல் கொடுத்தவர் பவுனி நாராயண பிள்ளை. பவுனி என்ற ஆங்கிலேயரிடம் துபாஷியாக இருந்தவர் என்பதால் அந்தப் பெயர். துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். வெள்ளைக்கார வியாபாரிக்கும் நம் ஊர் வியாபாரிக்கும் நடுவில் நின்று பேரம் பேசி, கணக்குப் பார்த்து, காரியம் முடித்துக் கொடுப்பவர்.

அந்தக் காலத்துப் பட்டணத்தை மனக்கண்ணில் பாருங்கள். இன்று ராயபுரத்தை ஒட்டி நிற்கும் துறைமுகம் அப்போது கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுகள்தான் அலையில் ஏறி இறங்கிச் சரக்கைக் கரை சேர்க்கும். கறுப்பர் நகரம் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில் துணி வியாபாரமும் வட்டிக் கடைகளும் மும்முரமாக நடந்த காலம். அங்கேதான் சாமி மேஸ்திரி தெருவில் பச்சையப்பர் வளர்ந்தார். நாராயண பிள்ளை அவருக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

கவனியுங்கள்... யாரோ ஒருவர் கொடுத்த படிப்புதான் அந்த அநாதைப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தியது. பதினாறு வயதிலேயே வியாபாரத் தரகில் இறங்கினார். சல்லிவன் என்ற ஆங்கில அதிகாரியிடம் துபாஷியாகச் சேர்ந்தார். செல்வம் குவிந்தது. தஞ்சை மன்னர் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தார்!

சம்பாதித்ததும், கொடுத்ததும்

செல்வம் சேர்ந்தாலும் சாமியை மறக்கவில்லை அவர். கோமளீஸ்வரன்பேட்டையில் குடியிருந்தபோது கூவம் ஆற்றில் நீராடிவிட்டுத்தான் கோமளீஸ்வரரைத் தரிசிப்பார் என்று சொல்வார்கள். கூவத்தில் நீராடுவதா என்று ஆச்சரியப்படாதீர்கள். அன்று அது தெளிந்த நீர் ஓடிய ஆறு!

சத்திரம், அன்னதானம், கோயில் திருப்பணி என்று வாரி வழங்கினார். அடுத்த முறை சிதம்பரம் போகும்போது கிழக்குக் கோபுரத்தைச் சற்று நின்று பாருங்கள். அந்தக் கோபுரத் திருப்பணியைச் செய்தவர் அவருடைய மாமியார் சுப்பம்மாள். பச்சையப்பர், அவர் மனைவி ஐயாளம்மாள் இருவரின் சிலைகளும் அந்தக் கோபுரத்தில் உண்டு. தில்லைத் தேரைப் பராமரிக்கும் கைங்கரியமும் அவருடைய அறக்கட்டளையைச் சேர்ந்ததே.

நாற்பது வயதுகூட நிரம்பாத நேரத்தில் உடல் நலம் குன்றியது. தன் காலம் முடியப்போகிறது என்று உணர்ந்த பச்சையப்பர், 1794-ம் ஆண்டு மார்ச் 22-ம் தேதி உயில் எழுதினார். ஒரு லட்சம் வராகனைத் தர்மத்துக்கு என்று ஒதுக்கினார். ஒரு வராகன் என்பது ஏறக்குறைய மூன்றரை ரூபாய். மூன்றரை லட்சம் ரூபாய் என்பது அந்த நாளில் எப்பேர்ப்பட்ட தொகை! சிவன் கோயில், பெருமாள் கோயில் என்ற பேதமில்லாமல் பூஜைகளும் கட்டளைகளும் நடக்க வேண்டும், ஏழைகளுக்கு உதவி கிடைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

ஒன்பது நாள் கழித்து, மார்ச் 31-ம் தேதி, காவிரிக் கரையில் ஐயாறப்பர் அருளும் திருவையாற்றில் அவர் உயிர் பிரிந்தது.

நின்று போன தர்மம்

இதற்குப் பிறகு நடந்ததுதான் மனதைப் பிசைகிறது. எழுதி வைத்தவர் கண்ணை மூடிவிட்டார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு கைமாறியது. குடும்பத்துக்குள் சொத்துச் சண்டை. வழக்குகள். பணம் இருந்தது, ஆனால் அவர் சொன்ன தர்மம் நடக்கவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல... வருடங்கள் பல உருண்டோடின.

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கிறோம் அல்லவா? தாத்தா ஒரு கோயில் விளக்குக்கு எண்ணெய்க்கட்டளை எழுதி வைத்திருப்பார். பேரன் காலத்தில் அந்த நிலம் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. விளக்கும் எரியாது. கொடுத்தவர் மனசு நல்லதுதான். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

பச்சையப்பரின் தர்மத்துக்கு ஆள் கிடைத்தது. கிடைத்தவர் நம் ஊர்க்காரர்கூட இல்லை! கும்பினி அரசின் அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இந்தப் பணம் பொதுத் தர்மத்துக்கு உரியது என்று நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் தொடர்ந்தார். 1832-ல் சென்னை சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. அசலும் வட்டியுமாக அந்தப் பணம் பல லட்சம் ரூபாயாகப் பெருகியிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. கோயிலுக்கு எழுதிய பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமா? பக்தி உள்ள நம் மனதிலும் அந்தக் கேள்வி எழத்தான் செய்யும். அதற்கு அவர்கள் கண்ட வழி அருமையானது. உயிலில் சொன்ன கோயில் கைங்கரியங்களுக்கு வேண்டிய முதலை முதலில் தனியாக ஒதுக்கினார்கள். சாமிக்கு உரியது சாமிக்கே. அதன் பிறகு மிஞ்சியதைத்தான் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்பினார்கள். நிர்வாகத்தை இந்துப் பெரியவர்கள் அடங்கிய அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார்கள். பல கோயில்களில் பச்சையப்பரின் கட்டளைகளைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள்.

48 ஆண்டுகள் கழித்து...

1842-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி, ஜார்ஜ் டவுனில் இன்று பிராட்வே என்று நாம் சொல்லும் பாப்பம்ஸ் பிராட்வேயில் பச்சையப்பர் பெயரால் பள்ளி திறக்கப்பட்டது. வெள்ளைக்காரர் பணமில்லாமல், நம்மவர் ஒருவரின் செல்வத்தால் நடந்த பள்ளி! 1794-லிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக 48 ஆண்டுகள். நாம் 48 நாள் ஒரு மண்டலம் விரதம் இருக்கிறோமே... இந்தத் தர்மம் 48 வருடம் காத்திருந்து பலித்திருக்கிறது!

கந்தகோட்டம் முருகனைத் தரிசித்துவிட்டு, பூக்கடையில் பூ வாங்கிக்கொண்டு உயர் நீதிமன்றப் பக்கம் வரும்போது, எதிரே கிரேக்கக் கோயில் மாதிரி உயர்ந்த தூண்களோடு ஒரு பழைய கட்டடம் தெரியும். அதுதான் பச்சையப்பன் மண்டபம். 1846-ல் அடிக்கல் நாட்டி 1850-ல் திறந்தார்கள். சுவாமி விவேகானந்தர் சிகாகோவில் நம் மதத்தின் பெருமையை முழங்கிய பிறகு, அவருக்கு நன்றி சொல்ல 1894-ல் சென்னைவாசிகள் பொதுக்கூட்டம் கூட்டியதும் அந்த மண்டபத்தில்தான்!

பள்ளி வளர்ந்து 1889-ல் கல்லூரியானது. 1906-ல் கும்பகோணத்திலிருந்து ஓர் ஏழை மாணவர் வந்து சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாது அவருக்கு. நாமகிரித் தாயாரே கதி என்று இருந்தவர். பரீட்சையில் தேறவில்லை, ஆனால் அவருடைய கணித ஞானம் ஆசிரியர் கண்ணில் பட்டது. அவர்தான் ராமானுஜன்! 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய் உலகப்புகழ் பெற்றார். மசூலாப் படகு காலத்தில் அந்தக் கரையில் சம்பாதித்த பணம், பின்னாளில் அதே கரையில் வேலை பார்த்த ஒரு மேதையின் படிப்புக்கு உதவியது! அறிஞர் அண்ணாவும் பச்சையப்பன் கல்லூரி மாணவர்தான்.

1940-ல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது. முதலில் இந்து மாணவர்களுக்கு மட்டுமே இருந்த கதவு, 1947-ல் எல்லோருக்கும் திறந்தது. கோவிந்த நாயக்கர், கந்தசாமி நாயுடு, செல்லம்மாள் ஆகியோர் பெயர்களைத் தாங்கிய பள்ளி, கல்லூரிகளும் இன்று இந்த அறக்கட்டளையின் கீழ் இருக்கின்றன. ஒரு விளக்கு எரிந்தால் அதிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றுவது போலத்தான் இது. ஒருவர் கொடுத்தது வீண் போகவில்லை என்று கண்டால்தான் அடுத்தவருக்கும் கொடுக்க மனம் வரும்.

அதே சமயம் ஒன்றையும் மறைக்க வேண்டாம். அண்மைக் காலங்களிலும் இந்த அறக்கட்டளையின் நிர்வாகம் குறித்த வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆக, கண்காணிப்பு என்பது 1832-ல் முடிந்துபோன வேலை அல்ல. தலைமுறைதோறும் தொடர வேண்டியது.

நாம் என்ன செய்யலாம்?

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதியைத் தரிசித்திருப்பீர்கள். கடல் வாணிபத்தில் கோடி கோடியாகச் சேர்த்து, ஒரு நொடியில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவர் அவர். எல்லோராலும் அப்படித் துறந்துவிட முடியாது. குடும்பஸ்தர்களாகிய நமக்குப் பச்சையப்பர் காட்டியது வேறு வழி. சம்பாதிக்கலாம்; அனுபவிக்கலாம்; ஒரு பங்கைத் தர்மத்துக்கு என்று எழுதியும் வைக்கலாம்.

லட்சம் வராகன் நம்மிடம் இல்லை. பரவாயில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு, மாமனார் திதிக்கு, கல்யாண நாளுக்கு என்று கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கிறீர்கள். அதோடு, உங்கள் பேட்டையில் இருக்கும் ஓர் ஏழைப் பள்ளிக்கும் ஒரு சிறு தொகை கொடுங்கள். ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகமாகவோ, பரீட்சைக் கட்டணமாகவோ இருக்கட்டும்.

கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். ரசீது வாங்கிப் பூஜை அறையில் பத்திரமாக வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். நீங்கள் கேட்பது உங்கள் பணத்துக்காக அல்ல, அந்தப் பிள்ளைக்காக. உங்கள் மகளையும் மருமகளையும் கூடவே அழைத்துப் போங்கள். நாளைக்குக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தானே!

இந்த ஆடியில் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது, உங்கள் வீட்டுப் பிரார்த்தனையோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் பிள்ளையோடு ஆதரவு தேடி அந்த ஊருக்கு வந்த பூச்சியம்மாளை நினைத்து, எந்தத் தாயின் பிள்ளைக்கும் படிப்பு தடைபடக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள். அம்மன் நிச்சயம் செவி சாய்ப்பாள்!