எழுத்துருவைக் கட்டுச்சோறாகக் கட்டிக் கொடுத்தவர்

நம்ம லேபில் ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு கிடைத்தது. எப்பவோ படித்துப் போன சீனியர்கள் ஏற்காடு போய்வந்து எழுதிய பயணக் கட்டுரை. கோப்பின் பெயரை வைத்துத்தான் அது ஏற்காடு என்றே தெரிந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஐரோப்பிய எழுத்தும் குறியுமாகக் குப்பை. வைரஸ் இல்லைங்க. அந்தக் கோப்பு நம்பியிருந்த தமிழ் எழுத்துரு இந்த மெஷினில் இல்லை, அவ்வளவுதான்.

யாரோ எழுதிய ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டை இறக்கி, பில்ட் கொடுத்து, ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று அது நின்றுபோன அனுபவம் உங்களுக்கு இருக்கும். இணையத் தமிழின் முதல் பத்து வருஷமும் கிட்டத்தட்ட அப்படித்தான் போனது. அந்த டிபென்டென்சியோடு மல்லுக்கட்டிய ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் உமர் தம்பி.

1953 ஜூன் 15 அன்று அதிராம்பட்டினத்தில் பிறந்தவர். தஞ்சாவூர் மாவட்டத்துக் கடலோர ஊர். மின்னணுவியல் படித்து, ஊரில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்து, பிறகு அந்தக் கரையோர ஊர்களின் வழக்கப்படி வளைகுடாவுக்குப் போனார். துபாயில் பல வருஷம் வேலை. கம்ப்யூட்டர் துறையில் பட்டம் வாங்கி வந்தவர் இல்லை. திறந்து பார்த்து, எங்கே அறுந்திருக்கு என்று தேடுகிற ரிப்பேர்க்காரர் புத்திதான் அவருடைய மென்பொருள்களிலும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

அப்போதைய நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. ஒன்றை இறக்கினால் இன்னொன்று தெரியாது. மடலாடற்குழுக்களில் திஸ்கி என்ற குறியீடு ஓடியது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்தியது. யூனிகோடு வந்துதான் எல்லாருக்கும் ஒரே குறியீடு என்று ஆனது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். விண்டோஸ் 2000இலிருந்துதான் தமிழ் யூனிகோடு எழுத்துரு கூடவே வந்தது. ஊரில் பாதி பிரௌசிங் சென்டரில் ஓடியதோ விண்டோஸ் 98. அங்கே யூனிகோடு தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்த ஆள், எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொண்டிருப்பாரா? கடைக்காரர்தான் விடுவாரா?

உமர் தம்பி செய்த தேனீ எழுத்துரு இங்கேதான் கை கொடுத்தது. அது இயங்கு எழுத்துரு. வலைப்பக்கத்தின் வடிவக் குறிப்பில், இந்த எழுத்துருக் கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பக்கத்தோடு அதையும் தானாக இறக்கிக் காட்டிவிடும். படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். ஊருக்குப் போகிறவர் கையில் கட்டுச்சோறு கொடுத்தனுப்புகிற மாதிரி. 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தவர்கள் பலர் அந்த வரியைத் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். காசு எதுவும் கேட்காமல்தான் கொடுத்தார்.

அதோடு நிற்கவில்லை. ஒலிப்பு முறையில் தமிழ் தட்ட ஒரு யூனிகோடு எழுதி, பழைய குறியீட்டை மாற்ற ஒரு மாற்றி, செய்தியோடை உருவாக்கி, அகராதி என்று வரிசையாகச் செய்து கொடுத்தார். இதில் மாற்றி என்பது சும்மா ஒரு அட்டவணையை வைத்து எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற வேலை என்று நினைத்தால் ஏமாந்துபோவீங்க. ஏற்காட்டையே எடுத்துக்குவோம். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இதில் ‘கொண்டை’யை மட்டும் பாருங்க. திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசை: முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். அடுத்து ண் ஒரே துண்டு. பிறகு ஐகாரக் குறி, கடைசியில் ட. யூனிகோடில் வாயால் சொல்கிற வரிசை: முதலில் க, கொம்பும் காலும் சேர்ந்து அதன் பின்னால் ஒரே குறி. ண தனி, புள்ளி தனி. ட வந்த பிறகுதான் ஐகாரக் குறி. ஆக, முன்னால் நிற்கும் கொம்பைப் பிடித்து அடுத்த மெய்யைத் தாண்டவிட வேண்டும்; அதற்குப் பின்னால் கால் வருகிறதா என்று பார்த்த பிறகே அது கெ-வா கொ-வா என்று முடிவு செய்ய முடியும். ஒரு இடத்தில் சறுக்கினால் மொத்த வரியும் நாறிவிடும். ஆட்டோடூல்ஸிலிருந்து சிமேக்குக்கு ஒரு புராஜெக்டை மாற்றிப் பார்த்தவங்களுக்கு இந்த அவஸ்தை புரியும். பெயர்கள் ஒன்று போலத் தெரியும், நடத்தை வேறாக இருக்கும்.

பிறகு துபாயை விட்டு ஊர் திரும்பினார். 2006 ஜூலை 12 அன்று அதிராம்பட்டினத்தில் காலமானார். வயது 53தான்.

தேனீயின் இயங்கு எழுத்துரு இப்போது எந்த உலாவியிலும் வேலை செய்யாது. அந்தக் கோப்பு வகை இன்டர்நெட் எக்ஸ்புளோரரோடு போய்விட்டது. பக்கத்தோடு எழுத்துருவை அனுப்பும் யோசனை மட்டும் நின்றது. 2012இல் வேறொரு கோப்பு வகை அதற்கான வலைத்தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் தேனீயை நம்பி அன்றைக்கு எழுதப்பட்ட பதிவுகளை இன்றைக்கு உங்க போனில் திறந்தால் தமிழ் பளிச்சென்று தெரியும். எழுத்துரு இரவல் சட்டை மாதிரி, உள்ளே இருந்தது யூனிகோடு. எங்க சீனியர்கள் கட்டுரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நாங்க அதையும் ஒரு மாற்றியில் போட்டுப் பார்த்தோம். முதல் குறியீட்டில் வரவில்லை, திஸ்கி என்று கொடுத்ததும் வந்தது. கிள்ளியூர் அருவி, சேர்வராயன் கோயில், பதினேழாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடிய ஒருத்தர், எல்லாம் வந்தது. ‘வளைவு’ மட்டும் மூன்று இடத்தில் உடைந்திருந்தது. கையால் திருத்தினோம்.