பரடேயும் அவர் தலைவரும்

மின்சாரம் பாயும் இடமெல்லாம் மைக்கல் பரடே என்னும் பெரியாரது உழைப்பின் பயன் பாய்கின்றது. அவர் கண்ட விதிகளை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் உபாத்தியாயர் பலர். அவர் 16 ஆண்டுகளாக எத்தகைய தலைவர் ஒருவர்க்குக் கீழ்ப்பட்டு நின்றார் என்பதை அறிந்தோர் சிலரே. அத்தலைவர் வெறுங் கொடியவராயிருந்திருப்பின் ஈண்டு எடுத்தெழுதத்தக்கது யாதுமில்லை. கொடியவரை விட்டு நீங்குதல் எளிது. அவரோ ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு வழி திறந்துவிட்ட உபகாரி, தலைசிறந்த ஆசிரியர், பிற்காலத்திலே தம் மாணாக்கனது உயர்ச்சியைப் பொறாதவர். நன்றிக்கும் மனத்தாங்கலுக்கும் ஒருவரே உரியவராயினமையே பரடேக்கு நேர்ந்த இடர்.

பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22ஆந் திகதி இலண்டன் நகர்க்கு அயலிலே பிறந்தார். தந்தையார் இருப்புக்கொல்லர், நோயாளி. குடும்ப வறுமையால் எழுத்தும் எண்ணுமன்றி வேறு கல்வி பெற்றிலர். 13ஆம் வயதிலே றீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவற் சிறுவராகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு தொடங்கி 7 ஆண்டுகள் புத்தகங் கட்டுந் தொழில் பயின்றார். கட்டவந்த புத்தகங்களைக் கட்டுவதோடமையாது வாசிக்கவுந் தொடங்கினமையே அவர் கல்விக்கு வாயிலாயிற்று. 1812ஆம் ஆண்டிலே, கடைக்கு வருங் கனவான் ஒருவர், றோயல் இன்ஸ்ரிரியூஷன் என்னும் விஞ்ஞான நிலையத்திற் சேர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய உபந்நியாசங்கள் நான்கிற்கு அநுமதிச் சீட்டு உதவினார். பரடே அவற்றைக் கேட்டுக் குறிப்பெடுத்து, விரித்தெழுதி, படமும் வரைந்து, ஏறக்குறைய 300 பக்கங்கொண்ட புத்தகமாகத் தங் கையாற் கட்டி, வேலை வேண்டி டேவிக்கு அனுப்பினார். டேவி அவ்வாண்டு டிசெம்பர் 24ஆந் திகதி அன்பான மறுமொழி ஒன்று வரைந்தார். நேரிற் கண்டபோதோ, விஞ்ஞானம் ஊதியமற்ற தொழில், கற்ற கைத்தொழிலைக் கைவிடற்க என்றே புத்தி கூறினார். சில வாரங்களில் ஆய்வுகூடத்து உதவியாளன் ஒருவன் சண்டையிட்டு நீக்கப்பட, 1813ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆந் திகதி அவ்விடம் பரடேக்குக் கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 25 சிலிங். இருப்பிடம் மேல்மாடியில் 2 அறைகள்.

டேவி அதற்கு முந்திய ஆண்டிலே நைட் பட்டம் பெற்று, செல்வமிக்க கைம்பெண் ஒருவரை மணந்து, உபந்நியாசத் தொழிலை விட்டவராயினும், ஆய்வுகூடத்தில் அவர் சொல்லே சொல்லாக நின்றது. 1813 ஒக்ரோபரில் அவர் ஐரோப்பிய யாத்திரை புறப்பட்டார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் நிகழ்ந்த காலம். நெப்போலியனது அநுமதிப் பத்திரம் பெற்றே போயினர். புறப்படும் தறுவாயில் டேவியின் பணியாளன் வர மறுத்துவிட்டான். பாரிசிலே வேறோராளை அமர்த்தும் வரையும் அவன் வேலையிற் சிலவற்றையும் பார்க்கும்படி டேவி பரடேயைக் கேட்டார். விஞ்ஞான உதவியாளராகச் சென்றவர் இதற்கு அரைமனத்தோடு உடன்பட்டார். பாரிசில் ஆள் அகப்படவில்லை, உரோமாபுரியிலும் அகப்படவில்லை. யாத்திரை முடியும்வரை பரடேயே பணியாளுமாயினார். டேவி தம் அலுவல்களைத் தாமே செய்துகொள்ளும் இயல்பினராதலால் அவரால் வருத்தம் மிகுதியாக இல்லை. அவர் மனைவியாரோ பரடேயை ஏவலாளாகவே நடத்தி, அவர் நிலையை அவர்க்கு உணர்த்துவதில் மகிழ்ந்தார். ஜெனீவாவிலே டி லா றீவ் என்னும் அறிஞர் பரடேயைத் தம்மோடிருந்து உண்ண அழைக்க விரும்பியபோது டேவி அதற்கு இசைந்திலர் என்றும், அவ்வறிஞர் பரடேக்குத் தனியே உணவளிக்கச் செய்தார் என்றுங் கூறுவர்.

பரடே தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் மனக்கசப்பை மறைத்திலர். ஊர் திரும்பிப் பழைய புத்தகக் கடையிற் புகலாமா எனவும் எண்ணினார். எண்ணியும் ஏன் திரும்பவில்லை? அதே யாத்திரையிலே பாரிசில் அயடின் என்னும் புதுப்பொருளை டேவி ஆராய்ந்தபோது பரடே பக்கத்தில் நின்றார். புளோரன்சு நகரில் வைரத்தைச் சூரிய கிரணத்தால் எரித்து அது வெறுங் கரியே என நிறுவியபோதும் நின்றார். மிலானிலே முதிய வோல்ராவைத் தரிசித்தார். கல்லூரி வாயிலை மிதித்தறியாத அவர்க்கு அந்த 18 மாதங்களே கல்லூரி. ஒரு பெருமாட்டியின் கடுஞ்சொல்லுக்காக அதனை இழக்க அவர் ஒருப்பட்டிலர். பொறுமை என்று இதனைப் புகழ்வோர் உளர். எமக்கோ இது நல்ல கணக்கறிவாகவுந் தோன்றுகின்றது.

1815இல் ஊர் திரும்பியபின் சில ஆண்டுகள் இருவர்க்கும் நல்லவையாகவே கழிந்தன. சுரங்கத் தொழிலாளர்க்கு டேவி அமைத்த காப்பு விளக்கில் பரடே உதவினார். டேவியும் அவ்வுதவியை அச்சிலே பாராட்டினார்.

1821 செப்டெம்பரிலே, மின்சாரம் பாயுங் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டிய பரடே, அதனை விரைந்து வெளியிட்டார். அவ்வாண்டின் முற்பகுதியிலே உவலாஸ்ரன் என்னும் அறிஞர் டேவியோடு இத்துறையில் முயன்று பயன் காணாதிருந்தார். பரடேயின் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. களவு என்று பலர் முணுமுணுத்தனர். செய்தவை வெவ்வேறாயினும், முன் முயன்றவர் பெயரைக் குறியாது விட்டது பரடேயின் குறையே. அவர் உவலாஸ்ரனுக்கு நேரே எழுதிச் சந்தேகந் தீர்த்துக்கொண்டார். உண்மையை அறிந்திருந்த டேவி, ஒரு சொல்லால் தீர்க்கத்தக்க அப்பழியைத் தீர்த்திலர். 1823இல் மூடிய கண்ணாடிக் குழாயில் குளோரின் வாயுவைப் பரடே திரவமாக்கியபோது, யோசனை தம்முடையதென அக்கட்டுரையிலே டேவி ஒரு குறிப்பைச் சேர்த்தார்.

அவ்வாண்டிலே பரடேயை றோயல் சங்கத்து அங்கத்தவராக்கும்படி 29 பேர் கையொப்பமிட்ட பத்திரம் சங்கத்தில் வைக்கப்பட்டது. கையொப்பமிட்டோருள் உவலாஸ்ரனும் ஒருவர். சங்கத் தலைவர் டேவி. அவர் சினந்து, அப்பத்திரத்தை எடுத்துவிடுக எனப் பரடேக்குக் கூறினார். தாம் வைத்ததன்றாதலால் தாம் எடுக்க இயலாதெனப் பரடே விடை கூறினார். வைத்தோரிடஞ் சொல்லி எடுப்பிக்க என்றதற்கு, அவர்கள் எடார் என்றார். அங்ஙனமாயின் தலைவனாகிய யானே எடுப்பேன் என டேவி கூற, சங்கத்துக்கு நன்மையென்று தோன்றுவதையே தலைவர் செய்வார் என்பதில் ஐயமில்லையென்று சொல்லி அமைந்தார். இவ்விடைகளில் வணக்கக் குறைவும் இல்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை. 1824ஆம் ஆண்டு சனவரி 8ஆந் திகதி பரடே தெரிவு செய்யப்பட்டார். மறுப்பைக் காட்டும் கருங்குண்டு ஒன்றே பெட்டியிற் கிடந்தது. இரகசிய வாக்காதலால் இட்டவர் இன்னாரென வெளிப்படவில்லை. அதன்பின் விஞ்ஞான விடயங்களில் இருவர்க்கும் முன்னிருந்த நெருக்கம் இல்லையெனப் பரடேயே பிற்காலத்திற் கூறினார்.

மனித மனத்தை யார் அளக்கவல்லார்? அடுத்த ஆண்டிலே பரடேயின் திறமையை எடுத்துரைத்து, அவரை ஆய்வுகூடத்து அதிபராக்கச் செய்தவரும் டேவியே. றோயல் சங்கம் தொலைநோக்கிக் கண்ணாடியைத் திருத்தும் வேலையையும் பரடேமேற் சுமத்தியது. சொந்த ஆராய்ச்சிக்குரிய காலத்தை அவ்வேலை பல ஆண்டுகளாக விழுங்கியது. கண்ணாடி வேண்டியவாறு அமையவில்லை. பரடே குறைகூறாது உலையருகே நின்றார். டேவி 1829ஆம் ஆண்டு மே 29ஆந் திகதி ஜெனீவாவில் இறந்தார். 1831இல் பரடே கண்ணாடி வேலையை ஒதுக்கிவைத்தார். அவ்வாண்டு ஓகஸ்ற் 29ஆந் திகதி, இரும்பு வளையமொன்றிற் சுற்றிய இரு கம்பிச்சுருள்களுள் ஒன்றில் மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும், மற்றையதில் மின்சாரம் கணப்பொழுது எழுவதைக் கண்டார். மின்னாக்கும் பொறிகளுக்கெல்லாம் அதுவே வித்து.

டேவி இறந்த ஆண்டின் இறுதியிலே, அவர் சரிதத்தை எழுதப்புகுந்த பாரிஸ் என்னும் வைத்தியர், டேவியைப் பற்றித் தெரிந்ததைக் கூறும்படி பரடேயைக் கேட்டார். யாத்திரையிற் பட்டதும் சங்கத்திற் பட்டதும் எழுதுவதற்கு ஏற்ற தருணம். பரடே எழுதியதோ, புத்தகங் கட்டும் இளைஞனாகிய தமக்கு அப்பெரியார் காட்டிய தயவைப் பற்றியே. 1812 டிசெம்பரில் டேவி வரைந்த மறுமொழியின் மூலத்தையும் உடனனுப்பி, அது தமக்கு மிக அருமையானதாதலால் பத்திரமாக வைத்திருந்து திருப்பி அனுப்பவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். 17 ஆண்டுகளாக அக்கடிதத்தை அவர் போற்றி வைத்திருந்தார்.