தேர் சமைத்த செல்வர்

புலவர் வரலாறும் புரவலர் வரலாறும் ஆண்டுதோறும் இடம்பெறும் இத்தமிழ்ப் பகுதியில், மோட்டார் வண்டிப் பந்தயத்தில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரின் சரிதத்தை யாம் எழுதப் புகுந்தது சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். அதற்குக் காரணம் உண்டு. எம் ஊர் கண்ணமங்கலம். வேலூரினின்று போளூர் நோக்கிச் செல்லும் சாலை அதனூடே போகின்றது. மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நிற்கின்றது. அச்சாலையில் மாலை வேளைகளில் இளைஞர் சிலர், சைலன்சரை அறுத்தும் ஸ்பிரிங்கைத் தாழ்த்தியும் வேற்றுருவாக்கிய கார்களைக் காற்றெனச் செலுத்துவர். தலைச்சுமையோடு வரும் மாதரும் பள்ளிச் சிறாரும் சாலையோரத்துப் புளியமரத்தை அண்டி நின்று உயிர் காத்துக்கொள்வர். முதியோர் அவ்விளைஞரை வைகின்றனர். எம்மை ஒத்த வயதினரோ அவ்வண்டிகளைக் கண்டு வாய் பிளக்கின்றனர். இவ்விரு சாராரும் கோயமுத்தூர்க் கரிவரதனாரை அறிந்திலர் என்பதே எமது குறை.

சுந்தரம் கரிவரதன் 1954-ஆம் ஆண்டு பிறந்தவர். கோவையில் 1910-இல் தோன்றிய லட்சுமி மில் என்னும் பஞ்சாலையை நிறுவிய குப்புசாமி நாயுடு அவர்களின் குடும்பத்தினர். பெயரின் பொருளைத் தமிழ் பயில்வார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. முதலை வாய்ப்பட்ட யானைக்கு அருள் புரிந்த திருமாலின் பெயர் அது. நண்பர் அதனைச் சுருக்கிக் கரி என்றே அழைத்தனர். பந்தய உலகில் அச்சுருக்கப் பெயரே நிலைத்தது.

செல்வர் வீட்டுப் பிள்ளை கார் மீது மோகம் கொள்ளுதல் புதுமையன்று. ஆயினும் அவர் பிறந்த ஊர் வேறோர் இயல்பும் உடையது. கோவையில் பஞ்சாலைகளின் பின்னே வார்ப்படச் சாலைகளும், லேத்துப் பட்டறைகளும், பம்பு செய்யும் தொழிற்சாலைகளும் பெருகின. வெளிநாட்டு இயந்திரம் ஒன்று பழுதுபட்டால் அதன் உறுப்பை அங்கேயே கடைந்து பொருத்தும் வழக்கம் வேரூன்றிய ஊர் அது. ஜி. டி. நாயுடு அவர்கள் (1893 - 1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதனை உறுப்புறுப்பாகப் பிரித்து மீண்டும் பூட்டிய கதையை அங்குக் குழந்தைகளும் அறிவர். ஒரு பொறியைப் பிரித்துப் பார்க்க அஞ்சாத அம்மரபிலே வந்தவர் கரிவரதனார்.

அவர் இளைஞராயிருந்த நாளில் நம் நாட்டில் கார் வாங்குவோர்க்குத் தெரிவு மிகச் சிறிது. கல்கத்தாவின் அருகே செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த பியட், சென்னையை அடுத்த வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய இம்மூன்றே பெரும்பாலும் சாலையில் ஓடின. அயல்நாட்டுக் காரை இறக்குமதி செய்ய அரசாங்கத்தின் அனுமதியும் பெரும்பொருளும் வேண்டும். ஆகவே நம்மவர் விரைவு வேட்கையெல்லாம் இம்மூன்று குடும்ப வண்டிகளின் மேலேயே செல்லலாயிற்று.

பந்தயக் களமோ சோழவரம். சென்னைக்கு வடக்கே கல்கத்தாச் சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போரின்போது அமைத்த விமானத் தளம் ஒன்று போர் முடிந்தபின் வறிதே கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அவ்வோடுபாதைகளைப் பந்தயச் சாலையாக்கினர். ஆண்டுக்கொரு முறை, தை மாசி மாதங்களை ஒட்டி, பல்லாயிரவர் அங்குத் திரள்வர்.

அக்காலத்துப் பந்தயக்காரர் பலருக்கு வீட்டு வண்டி வேறு, பந்தய வண்டி வேறு என்னும் வசதி இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை வரை அலுவலகத்துக்குப் போன பியட்டே சனியன்று சோழவரத்தில் பந்தயக் குதிரையாகும். பின்னிருக்கையையும் தரைவிரிப்பையும் உதிரிச் சக்கரத்தையும் கழற்றி வீட்டில் வைத்துவிடுவர். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைப் பட்டறையில் சீவிக் குறைப்பர். அங்ஙனம் குறைப்பின் எரிபொருட் கலவை முன்னினும் இறுக அழுத்தப்படும். ஒவ்வொரு வெடிப்பின் வலியும் மிகும். உட்செல்லும் வழியையும் வெளிச்செல்லும் வழியையும் அரத்தால் இழைத்து வழுவழுப்பாக்குவர். கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றிப் பெட்ரோல் மிகுதியாகப் பாயச் செய்வர். ஸ்பிரிங்கை இறுக்கித் தாழ்த்தினால் வளைவில் வண்டி சாயாது.

இவற்றுள் ஒவ்வொன்றும் களத்தில் தரும் நன்மைக்கு ஈடாகச் சாலையில் ஒரு விலை கேட்கும். ஹெட்டை அளவுக்கு மீறிச் சீவிய எஞ்சின், தரங்குறைந்த பெட்ரோலை ஊற்றினால் கடகடவென்று தட்டத் தொடங்கும். அதனைச் செவிமடாது ஓட்டுவோரின் பிஸ்டன் துளைபட்டுப் போதலும் உண்டு. பந்தயத்துக்கென்று பொருத்தும் கெட்டியான பிரேக் லைனிங் சூடேறிய பின்னரே நன்கு பற்றும்; காலையில் பால் வாங்கப் புறப்பட்டவர் தெருமுனையில் அதனை மிதித்தால் வண்டி நினைத்த இடத்தில் நில்லாது. தாழ்த்திய வண்டியோ நம் ஊர்க் குழிகளில் வயிறு தேயும். களத்துக்கும் தெருவுக்கும் ஒரே வண்டியை ஒப்பவைக்க முயல்வோர் ஒவ்வொரு வாரமும் இவ்விரண்டுக்கும் இடையே வழக்குத் தீர்க்கும் நடுவராக இருத்தல் வேண்டும். எம் ஊரில் சைலன்சரை அறுப்போர் இதனைச் சற்றேனும் எண்ணினாரல்லர். ஓசையைக் கூட்டியதையே வலிமை கூட்டியதாகக் கருதுகின்றனர்.

கரிவரதனார் இச்சோழவரத்தில் வண்டி செலுத்திப் பெயர் பெற்றவர். அயல்நாட்டுப் பந்தயக் கார்களைக் கொணர்ந்து ஓட்டிய இளவரசர்களும் பெருஞ்செல்வர்களும் அக்களத்தில் இருந்தனர். அவர்களைப் போலவே வாங்கி, ஓட்டி, கோப்பைகளை அடுக்கிவைத்து அமைதியுறுதல் அவர்க்கும் எளிதே. அவர் அதனோடு நின்றாரல்லர். காசுள்ளவன் மட்டுமே ஓட்டும் பந்தயத்தில் ஓட்டுநரின் திறம் எங்ஙனம் வெளிப்படும்? பத்து வண்டிகள் பத்து விதமாக இருப்பின், வென்றது கையா பையா என்று யார் கூற வல்லார்? இவ்வினாக்களுக்கு விடையாகத் தாமே வண்டி சமைக்கத் தொடங்கினார் என்பதே அவர் செயல்களினின்று யாம் கொள்ளும் கருத்து.

அதற்குத் தக்க பொருளும் காலத்தில் வந்து வாய்த்தது. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 என்னும் சிறு கார் வெளிவந்தது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் உடைய அதன் எஞ்சின் நாற்பது குதிரைத்திறனையும் எட்டாதது. ஆயினும் எடை குறைந்தது, எளிதிற் பழுதுபடாதது, சில ஆண்டுகளில் நாடெங்கும் அதன் உறுப்புகள் கடைத்தெருவில் கிடைக்கலாயின. 1980-களின் இறுதியில் கரிவரதனார் கோவையில் இவ்வுறுப்புகளைக் கொண்டு ஓர் இருக்கையுடைய பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். பார்முலா மாருதி என்பது அதன் பெயர். (மாருதியைக் கரியின் கையில் ஒப்புவித்த ஊழை நினைந்து யாம் நகைத்ததுண்டு. தமிழ் மாணாக்கர்க்கு இச்சிறு இன்பமேனும் மறுக்கப்படலாகாது.)

அவ்வண்டியின் அமைப்பை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. மாருதிக் காரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் முன்புறத்தே குறுக்காகப் பிணைந்து நின்று முன் சக்கரங்களை உருட்டுகின்றன. அப்பிணைப்பை அவ்வாறே பெயர்த்து ஓட்டுநரின் முதுகுப்புறத்தே வைத்தால் அதுவே பின் சக்கரங்களை உருட்டும். நீண்ட தண்டும் வேறு கியர் பாக்ஸும் வேண்டா. தகட்டு உடலுக்கு மாறாக இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய கூடு. அதன்மேல் இழைக்கண்ணாடியாலான மெல்லிய போர்வை. நான்கு சக்கரங்களும் வெளியே தெரியும். இருக்கை தரையை ஒட்டியது. ஓட்டுநர் ஏறக்குறையக் கால் நீட்டிப் படுத்தாற்போலவே அமர்வார். எஞ்சினின் வலி அதுவேயாயினும் அது சுமக்கும் பாரம் குறைந்துவிடுகின்றது. ஒரு வண்டியின் எடையில் மூன்றிலொரு பங்கைக் களைந்தால், குதிரைத்திறனை ஒன்றரை மடங்காக்கியதன் பயனே விளையும் என்பது சிறு கணக்கு. இக்கணக்கை நம்புவோர் வலிமையைத் தேடிக் கடல் கடந்து அலைய வேண்டுவதில்லை.

இங்கிலாந்தின் காலின் சாப்மன் (1928 - 1982) என்பாரும் இக்கணக்கினாலேயே புகழ் பெற்றவர். 1948-இல் ஒரு பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தம் முதல் வண்டியைச் செய்தார். 1957-இல் வெளிவந்த அவரது லோட்டஸ் செவனை வாங்குவோர் வீட்டிலேயே பூட்டிச் சாலையிலும் ஓட்டலாம், களத்திலும் ஓட்டலாம். கரிவரதனாரின் வண்டி முழுவதும் களத்துக்கே உரியது. ஆயினும் அதன் உயிருறுப்புகள் எல்லாம் தெருவுக்குரியவை. எமது கருத்தில் அவரது கருவிகளின் அருமை இதுவே.

பந்தய வண்டியைச் செய்தல் ஒரு முறை. பேணுதலோ ஒவ்வொரு முறையும் வேண்டுவது. களத்தினின்று திரும்பிய வண்டியின் எண்ணெயை வடித்து அதில் உலோகத்துகள் மினுங்குகின்றதா என்று காணல் வேண்டும். வால்வின் இடைவெளியை அளக்க வேண்டும். சக்கர நட்டு முதல் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டு வரை ஒவ்வொன்றையும் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். அதிர்ச்சியால் அவை நெகிழாதிரா. குழாய்க் கூட்டின் பற்றவைத்த மூட்டுகளில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று விளக்கைப் பிடித்துத் தேட வேண்டும். அயல்நாட்டு வண்டி வைத்திருந்தோர் ஓர் உறுப்பு முறிந்தால் கப்பல் வரும் வரை காத்திருந்து ஒரு பந்தயப் பருவத்தையே இழந்ததுண்டு. மாருதியின் கிளட்சுத் தட்டோ பேரிங்கோ எந்தப் பேட்டையிலும் கிடைக்கும். எம் கண்ணமங்கலத்தில் கிடையாதாயினும் வேலூருக்குப் பஸ் ஏறினால் மாலைக்குள் கொணர்ந்துவிடலாம். இதனால் நடுத்தரக் குடும்பத்து இளைஞனும் ஒரு நண்பனும் ஒரு மெக்கானிக்கும் சேர்ந்து ஒரு வண்டியை வைத்திருத்தல் இயல்வதாயிற்று. அதனினும் சிறந்த ஒன்று உண்டு. வண்டிகள் ஒரே வார்ப்பினவாதலின் முந்தியவன் தன் கண்ணாலும் காலாலும் முந்தினான் என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கியது.

1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே அமைத்த சாலை திறக்கப்பட்டது. விமானத் தளத்தில் வைக்கோற் கட்டுகளை அடுக்கி ஓட்டிய காலம் போய், வளைவுதோறும் வழி தவறிய வண்டி தன் விரைவை அடக்கிக்கொள்ள இடம் விட்ட களம் நமக்கு வாய்த்தது. சைக்கிளில் செல்வோரும் கன்றுகாலிகளும் எதிர்ப்படாத அத்தகைய இடத்திலேதான் விரைவு குற்றமற்றதாகின்றது. எம் ஊர்ச் சாலையில் நாற்பது மைலும் மிகை. ஆங்கு நூறும் மிகையன்று.

அக்களத்தில் 1992-இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பார்முலா மாருதியில் ஏறித் தன் முதற் பந்தயத்திலேயே பரிசு பெறுவோர் மேடையில் நின்றான். கரிவரதனாரின் ஊராகிய கோவையைச் சேர்ந்த கார்த்திகேயன் என்னும் ராலி வீரரின் மகனான நரேன் கார்த்திகேயனே அவன். பின்னர் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பயின்று, 2005-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஜார்டன் குழுவின் காரைச் செலுத்தி, பார்முலா ஒன் பந்தயத்தில் புகுந்த முதல் இந்தியரானார். அவரை அடுத்து 2010-இல் அப்பந்தயத்தை அடைந்த சென்னைக் கருண் சந்தோக்கும் பார்முலா மாருதியிலேயே தொடங்கியவர்.

இவ்விருவரும் பார்முலா ஒன் பந்தயத்தை அடைந்ததைக் காணக் கரிவரதனார் இருந்தாரல்லர். நிலத்தின் விரைவு போதாதென்று வானிலும் பறக்கும் விருப்பம் அவருக்கு இருந்தது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள், நாற்பத்தொன்றாம் வயதில், வானூர்தி விபத்தில் உயிர் துறந்தார். களத்தில் எத்தனையோ பேருக்குக் காப்பான கூட்டைக் கட்டிக் கொடுத்தவர்க்கு வானம் அக்காப்பை அளித்திலது. பெருஞ்செல்வமும் குடும்பமும் உடையார் இத்தகைய ஆபத்தை நாடலாமா என்று கேட்போர்க்கு விடை கூற எமக்கு வயது போதாது. ஆயினும் தம் ஆபத்தைத் தாமே ஏற்றார்; வழியே போவார் தலைமேல் அதனைச் சுமத்தினாரல்லர் என்பதை மட்டும் குறிக்க விரும்புகின்றோம்.

2003-இல் கோவைக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் விஜயகுமார் என்னும் தொழிலதிபர் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயச் சாலை ஒன்றை அமைத்தார். தம் நகரத்துக் குழுவின் பெயரையோ தம் குடும்பப் பெயரையோ சூட்டாது, கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அதற்குப் பெயரிட்டார். மாருதி 800 செய்தல் 2014-இல் நின்றுபோயிற்று. கரிவரதனார் காட்டிய வழியே, தெருவில் ஓடும் வேறு கார்களின் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுப்புறத்தே பூட்டிய ஓரிருக்கை வண்டிகள் அச்சாலையில் ஓடலாயின.