குவிங்கேயின் ஊசி

முதுகில் ஊசி என்றதும் நம்மவர் அஞ்சுவர். பிள்ளைக்குக் கால் விளங்காமற் போய்விடும் என்று ஒப்புதல் தர மறுக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. அவ்வூசியை மருத்துவ உலகுக்கு அளித்த ஹைன்ரிக் குவிங்கேயின் வரலாறு அவர்கள் அறிய வேண்டியது.

1842-இல் ஜெர்மனியில், ஓடர் நதிக்கரைப் பிராங்க்பர்ட்டில், மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1873-இல் பெர்ன் நகரில் பேராசிரியரானார். 1878 முதல் 30 ஆண்டுகள் கீல் பல்கலைக்கழகமே அவருக்கு உலகம்.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று உண்டு. அது பெருகி, தலைக்குள் அழுத்தம் மிகுந்து துன்புறும் குழந்தைகளுக்கு வழி தேடினார் குவிங்கே. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, எலும்புகளின் இடையே மெல்லிய ஊசியைச் செலுத்தினால் தண்டுவடத்துக்கு ஊறின்றி நீர் வரும். இம்முறையை 1891-இல் வீஸ்பாடன் மாநாட்டில் வெளியிட்டார். இங்கிலாந்தில் வின்டர் என்பாரும் அக்காலத்தே நீர் எடுத்ததுண்டு. எனினும் அதை ஒழுங்கான சோதனையாக்கிய பெருமை குவிங்கேயுடையதே.

சிகிச்சையாகத் தொடங்கியது நோயறியும் கருவியானதுதான் விந்தை! அவர் நீரின் அழுத்தத்தை அளந்தார். புரதமும் சர்க்கரையும் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் விடால் முதலியோர் அந்நீரிலுள்ள வெள்ளணுக்களை வகை பிரிக்கலாயினர்.

நலமுள்ள பெரியவரின் நீரில் கன மில்லிமீட்டருக்கு 5 அணுக்களுக்கு மேல் இரா. பாக்டீரியா புகுந்தால் பெரும்பாலும் நியூட்ரோபில்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நீர் கலங்கும். வைரஸ் புகுந்தாலோ பத்துகளிலோ நூறுகளிலோ லிம்போசைட்டுகள். நீர் தெளிவு கெடாது, சர்க்கரையும் பொதுவாகக் குறையாது. ஆனால் முதல் நாளில் வைரஸ் நோயிலும் நியூட்ரோபில்களே மிகுந்து மருத்துவரை ஏய்ப்பதுண்டு. காசநோயோ லிம்போசைட்டுகளைக் காட்டி மயக்கும்; சர்க்கரை குறைவதே அதைக் காட்டிக்கொடுக்கும். மருந்து வேறுபடுவதால் இங்கே பிழைத்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதல் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூரில். இன்று அதை உறுதிசெய்வது எப்படி? அதே நீரில், வெள்ளணுக்கள் ஆக்கிய ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளைத் தேடுகிறார்கள். நோயாளி மருத்துவமனை வரும்போது வைரஸ் பெரும்பாலும் கைக்கு அகப்படுவதில்லை. எதிர்ப்பொருள் சாட்சியாக நிற்கிறது.

குவிங்கே 1908-இல் ஓய்வு பெற்றுப் பிராங்க்பர்ட் அம் மைன் நகரில் குடியேறினார். நோபல் பரிசுக்கு அவர் பெயர் பலமுறை முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை. 1922 மே மாதம், 80 வயது நிறையச் சில மாதங்கள் இருக்கையில், அங்கேயே காலமானார்.