விசுவநாததாஸ்

விசுவநாததாஸ் (ஜூன் 16, 1886 – டிசம்பர் 31, 1940) தமிழ் நாடக நடிகரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டபோதும் முருகன் வேடத்தில் பெரும்புகழ் பெற்றார். நாட்டுப்பற்றுப் பாடல்களை மேடையில் பாடியமைக்காகப் பலமுறை சிறை சென்றார்.

இளமை

விசுவநாததாஸ் சிவகாசியில் பிறந்தார். முடிதிருத்துதலையும் நாட்டு மருத்துவத்தையும் மரபுத் தொழிலாகக் கொண்ட மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். பின்னர் மதுரை மாவட்டத்திலுள்ள திருமங்கலத்தில் வாழ்ந்தார். இளவயதிலேயே இசையிலும் நடிப்பிலும் நாட்டம் கொண்டிருந்தார்.

நாடக வாழ்வு

இவர் நடித்த காலத்தில் ஸ்பெஷல் நாடகங்கள் செல்வாக்குப் பெற்றிருந்தன. இவற்றில் நடிகர்கள் நிலையான குழுவாக இயங்குவதில்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்து, ஒத்திகையின்றி ஒரே மேடையில் விடிய விடிய நடிப்பர். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம் இவ்வாறு நடிக்கப்பட்டவற்றுள் புகழ்பெற்றதாகும். அதில் முருகனாகத் தோன்றும் இராசபார்ட் நடிகராக விசுவநாததாஸ் விளங்கினார்.

சாதிப் பாகுபாடு

இவரது பிறப்பைக் காரணம் காட்டி, நடிகையர் சிலர் இவருக்கு இணையாக வள்ளி வேடம் ஏற்க மறுத்தனர். ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டதால், ஒருவர் மறுத்தாலும் நாடகமே தடைப்படும் நிலை இருந்தது. முருகனாகக் கண்டு மக்கள் போற்றிய ஒருவரே, வேடம் கலைந்தபின் தீண்டத்தகாதவர் போல நடத்தப்பட்டார். இருப்பினும் இவர் மேடையை விட்டு விலகவில்லை. இவரது குரல்வளமும் மக்கள் ஆதரவும் எதிர்ப்பை மீறி இவரை முன்னணி நடிகராக நிலைநிறுத்தின.

அமெரிக்காவில் பிறந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833 இல் இலண்டனில் ஒத்தெல்லோவாக நடித்தபோது, நிறத்தைக் காரணம் காட்டிப் பத்திரிகைகள் அவரைத் தாக்கின. பிறப்பைக் கொண்டு நடிகரை மதிப்பிடும் இவ்வழக்கத்தைத் தமிழ் மேடையில் எதிர்கொண்டவர் விசுவநாததாஸ்.

விடுதலைப் போராட்டம்

காந்தியக் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டுக் கதராடை அணிந்தார். புராண நாடகங்களின் இடையே நாட்டுப்பற்றுப் பாடல்களைப் பாடினார். தினைப்புனம் காக்கும் வள்ளி பறவைகளை விரட்டும் காட்சி இதற்கு வாய்ப்பாக அமைந்தது. அங்கு வெள்ளைக் கொக்கு ஆங்கிலேயரைக் குறித்தது. மக்கள் அதனை உடனே புரிந்துகொண்டனர். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடல்களையும் இவர் பரப்பினார். 1919 இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்தும் பாடினார். 1876 ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் நாடகங்களைத் தடை செய்ய ஆங்கில அரசுக்கு அதிகாரம் அளித்திருந்தது. தடைகளும் கைதுகளும் தொடர்ந்தபோதும், விடுதலையானவுடன் இவர் மீண்டும் மேடையேறினார். இதனால் குடும்பம் வறுமைக்கு உள்ளானது.

மறைவு

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடைபெற்றது. மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே இவரது உயிர் பிரிந்தது. அப்போது இவருக்கு வயது 54. இவரது நினைவாகத் திருமங்கலத்தில் தமிழ்நாடு அரசு நினைவு இல்லம் அமைத்துள்ளது.