வாணிகத்தின் நடுவே ஸ்ரீமத் ராஜசந்திரர்

சாமாயிகத்திற்கென நம் முன்னோர் வகுத்த காலம் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். பாகாயத்திலிருந்து காலையில் காட்பாடிக்கும் இராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் பணிக்குப் புறப்படும் இல்லறத்தாரிடம் அதைப் பற்றிப் பேசினால், பணி ஓய்வுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அந்த ஓய்வு வயதை எட்டாமல் 33 வயதிலேயே மறைந்த ஒரு முத்து வணிகரின் வரலாறு இது.

சௌராஷ்டிரத்தில் மோர்பிக்கு அருகிலுள்ள வவாணியா என்னும் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு கார்த்திகைப் பௌர்ணமியன்று பிறந்தவர் ராய்சந்த். பிற்காலத்தார் அவரை ஸ்ரீமத் ராஜசந்திரர் என்று போற்றினர். தந்தை வழியில் கண்ணன் வழிபாடும் தாய் தேவபாய் வழியில் ஜைன நெறியும் அவருக்கு வாய்த்தன. ஏழாம் வயதில், பாம்பு தீண்டி இறந்த ஊரார் ஒருவரின் சிதை எரிவதைக் கண்டபோது அவருக்கு முற்பிறவி நினைவு எழுந்தது என்பர். பதின்மூன்று வயதளவில் தந்தையின் கடையில் அமர்ந்தார். பதினாறாம் வயதில் 108 பாடங்கள் கொண்ட மோட்சமாலை என்னும் நூலை இயற்றினார்.

அவருக்கு முதலில் பெயர் தந்தது நூலன்று, நினைவாற்றல். நம் நாட்டில் செய்குத்தம்பிப் பாவலரால் புகழ்பெற்ற சதாவதானக் கலையை அவர் 1887-இல் பம்பாய் நகரில் நிகழ்த்திக் காட்டினார். செல்வமும் விருதும் தேடிவரும் நேரத்தில், ஆன்ம முன்னேற்றத்திற்கு அது தடை என்று கண்டு, அரங்கேறுவதை அறவே விட்டுவிட்டார். இருபது வயது இளைஞர் ஒருவர் கைதட்டலைத் துறப்பது பொன்னைத் துறப்பதினும் அரிது என்றே தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு திருமணம் நடந்தது. பின்னர் பம்பாயில் ரேவாசங்கர் ஜகஜீவன் நிறுவனத்தில் பங்காளியாகி, முத்தும் வைரமும் விற்கும் தொழிலில் இறங்கினார். இலட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல், வெளிநாட்டுத் தொடர்பு, குடும்பப் பொறுப்பு என எதற்கும் குறைவில்லை.

1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய மோகன்தாஸ் காந்தி அவரைச் சந்தித்தார். அவருடைய நினைவாற்றலைக் காட்டிலும் வேறொன்றே காந்தியடிகளை ஈர்த்தது. கடையில் அவர் பக்கத்தில் ஒரு சமய நூலும் குறிப்பேடும் எப்போதும் இருக்கும். பேரம் முடிந்தவுடன் அவற்றுள் ஒன்றைத் திறந்துவிடுவார். அடுத்த வணிகர் வந்தால் மூடிவிட்டு, முழுக் கவனத்தோடு முத்தை எடைபோடுவார். நேரம் ஒதுக்கித் தியானம் செய்தவரல்லர். இரு பேரங்களுக்கிடையே கிடைத்த நேரத்தையே தியானமாக்கியவர். 1894-இல் தென்னாப்பிரிக்காவில் சமயக் குழப்பத்தில் இருந்த காந்தியடிகள் தம் ஐயங்களை 27 வினாக்களாக எழுதியனுப்ப, தொழிலுக்கிடையே அவற்றிற்கு விரிவாக விடை எழுதினார்.

அவருடைய வாணிகம் பற்றிய ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஓர் அரபு வணிகரின் தம்பி தமையனைக் கேளாமல் முத்துகளை இவரிடம் விற்றுவிட்டார். தமையன் சினந்ததை அறிந்ததும், பெரும் ஆதாயம் கிடைக்கும் என்று தெரிந்தும், சரக்கை அப்படியே திருப்பிக் கொடுத்தாராம். மனம் அமைதியுறுவதற்கும் கணக்கு நேர்மையாயிருப்பதற்கும் உள்ள உறவை நூல் கற்றோரைவிடக் கடை வைத்தோர் நன்கறிவர்.

ஆயினும் அந்த அமைதி அவருக்கு எளிதில் கிட்டியதென்று எண்ணலாகாது. நண்பர் சோபாக்பாய்க்கு எழுதிய கடிதங்களில் வாணிகத்தை உபாதி என்றே திரும்பத் திரும்பக் குறிக்கிறார். துறவு பூண உள்ளம் விழைந்தது. ஏற்ற பொறுப்பை இடையில் விட மனம் இசையவில்லை. பிற சமயத்தார் இறைவனடியில் இளைப்பாறுதல் என்பதை நம் நெறி ஆன்மா தன்னிலையில் நிற்றல் என்று கூறும். அந்நிலைக்காக ஆண்டில் சில காலம் பம்பாயை விட்டு நீங்கி, குஜராத்தின் சிற்றூர்களிலும் ஈடர் மலையிலும் தனித்திருந்தார். 1896-இல் நடியாத்தில் 142 பாக்கள் கொண்ட ஆத்மசித்தியை ஒரே அமர்வில் எழுதி முடித்தார். அம்பாலால் என்னும் அன்பர் விளக்கேந்தி நின்றார்.

ஈடர் மலையில் எழுவர் முனிவர் சூழ அமர, நேமிசந்திரரின் திரவிய சங்கிரகத்தை அவர் ஓதினார். வெண்ணாடைத் துறவியர் இல்லறத்து வணிகர் ஒருவரைக் குருவாகக் கொண்டதற்கு எதிர்ப்பு எழாமலில்லை. திகம்பரர், சுவேதாம்பரர் என்ற வேறுபாட்டையும் அவர் பொருட்படுத்தவில்லை. 1900-இல் அவர் முயற்சியால் தோன்றிய பரமசுருதப் பிரபாவக மண்டலம், நம் பொன்னூர் மலையில் திருவடி பதித்த குந்தகுந்தாசாரியரின் நூல்களையும் அச்சிட்டது.

அதற்குள் உடல் நலிந்தது. இறுதிக் காலத்தில் எடுத்த நிழற்படத்தில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பத்மாசனத்தில் முதுகு நிமிர்ந்திருக்கிறது. 1901 ஏப்ரல் 9 அன்று ராஜ்கோட்டில், அன்னை வருந்தாமல் பார்த்துக்கொள்ளும்படி தம்பி மன்சுக்கிடம் கூறிவிட்டு, தாம் தம் ஆன்ம சொரூபத்தில் ஒடுங்குவதாக அறிவித்தார். பின்னர் அவர் பேசவில்லை.