மணிக்கட்டு மருத்துவர் ஆபிரகாம் காலிஸ்

வழுக்கி விழும் மனிதன் முதலில் நீட்டுவது கையைத்தான். அறிவு எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே உள்ளங்கை தரையைத் தேடிச் செல்கிறது. உடலின் பாரம் முழுவதும் ஒரு நொடியில் மணிக்கட்டின்மேல் வந்து இறங்குகிறது. ஈரத்தரையில் கால் தவறிய மூதாட்டியர் பலர் இவ்வாறே கையை ஒடித்துக்கொள்கின்றனர். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக அமைந்துள்ள ஆரை எலும்பு, மணிக்கட்டை ஒட்டி ஒடிந்து புறங்கைப் பக்கமாகச் சாய்ந்துவிடுவதே இம்முறிவின் இயல்பு. இதற்கு உலக மருத்துவர்கள் வழங்கும் பெயர் காலிஸ் முறிவு என்பதாகும். அப்பெயருக்கு உரியவர் அயர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ். ஆபிரகாம் என்பது நம் வழக்கில் இப்ராஹீம். நோயின் பெயரை நாளும் எழுதும் மருத்துவ மாணவரிடத்தும் அம்மனிதரைப் பற்றிக் கேட்டால் விடை கிடைப்பது அரிது. அக்குறையைச் சிறிதேனும் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கில்கென்னி நகரை அடுத்த மில்மவுண்ட் என்னும் இடத்தில் 1773ஆம் ஆண்டு காலிஸ் பிறந்தார். கருஞ்சலவைக் கல் வெட்டி எடுத்து அறுத்து விற்பது அவர்தம் குடும்பத் தொழில். தந்தையார் வில்லியம், மகன் சிறுவனாக இருந்தபோதே காலமானார். தாயார் கல் தொழிலையும் பிள்ளைகளின் கல்வியையும் ஒருங்கே தாங்கி நடத்தினார்.

காலிஸ் மருத்துவத்தை நாடியது பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கில்கென்னியில் ஒருமுறை ஆற்று வெள்ளம் பெருக்கெடுத்து, அவ்வூர் மருத்துவர் ஒருவரின் வீட்டிலிருந்த பொருள்களை அடித்துச் சென்றதாம். அவற்றுள் உடற்கூற்று நூல் ஒன்றும் இருந்தது. காலிஸ் குடும்பத்து வயலில் ஒதுங்கிய அந்நூலைக் கண்டெடுத்த சிறுவன், அதனை உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான். சிறுவனின் கண்களில் தெரிந்த ஆவலைக் கண்ட மருத்துவர், நூலை அவனுக்கே கொடுத்துவிட்டாராம். பெரியோர் வரலாறுகளில் இத்தகைய கதைகள் வந்து ஒட்டிக்கொள்வது இயல்பே. எனினும், பிற்காலத்தில் அவர் உடற்கூற்றியலில் காட்டிய ஈடுபாட்டை நோக்கும்போது இக்கதையை ஒதுக்கிவிடவும் மனம் வரவில்லை.

1790ஆம் ஆண்டில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அதே காலத்தில் ஸ்டீவன்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பிலிப் உட்ரோஃப் என்பவரிடம் தொழில் பயிலவும் அமர்ந்தார். 1795இல் அயர்லாந்து அறுவை மருத்துவர் கல்லூரியின் பட்டயமும், 1797இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டமும் பெற்றார். எடின்பரோவிலிருந்து இலண்டன் வரை அவர் நடந்தே சென்றதாகக் கூறுவர். இலண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் குடலிறக்கம் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்காக உடல்களை அறுத்துக் காட்டும் பணியில் காலிஸ் துணை நின்றார். டப்ளினுக்குத் திரும்பிய சில ஆண்டுகளுக்குள் அவர் புகழ் ஓங்கிற்று. முப்பது வயது நிறைவதற்குள், 1802இல், அறுவை மருத்துவர் கல்லூரியின் தலைவரானார். 1804 முதல் 1836 வரை அக்கல்லூரியில் உடற்கூற்றியலும் அறுவை மருத்துவமும் கற்பித்தார். ஆசிரியர் ஒருவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரே இருக்கையில் இருந்து மாணவரை உருவாக்கினார் என்பதை நம்போன்ற கல்லூரியினர் எளிதில் கடந்து செல்ல இயலாது.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய கட்டுரைக்கு வருவோம். எலும்பு முறிவு மருத்துவம் காலிஸ் காலத்தில் தோன்றியதன்று. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த, கொர்தோபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, தம் அத்தஸ்ரீஃப் என்னும் பெருநூலின் முப்பதாம் பகுதியை அறுவை மருத்துவத்துக்கென்றே ஒதுக்கினார். அதன் மூன்றாம் பிரிவில் எலும்பு முறிவுகளையும் மூட்டு விலகல்களையும் விரிவாக விளக்கினார். அப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவருக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கிற்று. ஆயினும் மணிக்கட்டில் ஏற்படும் இந்த ஒரு காயத்தில் மட்டும் பழைய பிழை ஒன்று நெடுங்காலம் நீடித்தது. விழுந்தவரின் கை கோணி நிற்கக் கண்ட மருத்துவர்கள், ஹிப்பாக்ரட்டீஸ் காலந்தொட்டு, அதனை மணிக்கட்டு மூட்டு விலகல் என்றே கொண்டனர். சிலர் வெறும் சுளுக்கு என்று எண்ணினர். பிரான்சு நாட்டின் பூத்தோ என்பவரது கட்டுரை, அவர் மறைவுக்குப்பின் 1783இல் வெளிவந்தது. இது முறிவே என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அச்செய்தி டப்ளினை எட்டவில்லை.

காலிஸின் கட்டுரை 1814ஆம் ஆண்டு எடின்பரோ மருத்துவ இதழில் வெளிவந்தது. அளவால் மிகச் சிறியது. மணிக்கட்டு மூட்டுக்குச் சுமார் ஒன்றரை அங்குலம் மேலே ஆரை எலும்பு ஒடிகிறது என்று அவர் கணித்தார். இன்று நோக்குவோர்க்கு அம்முறிவு மூட்டுக்கு இன்னும் அருகிலேயே நிகழ்வது தெரியும். ஆனால் அவர் அதனை எவ்வாறு கண்டார் என்பதே வியப்புக்குரியது. எக்ஸ் கதிர் 1895இல்தான் கண்டறியப்பட்டது. ஆகவே உள்ளிருக்கும் எலும்பைப் படமெடுத்துப் பார்க்கும் வழி இல்லை. இம்முறிவுற்ற ஒருவரது கையை இறந்தபின் அறுத்துப் பார்க்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. அதனை அவரே கட்டுரையில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். உயிருள்ள மனிதரின் வீங்கிய மணிக்கட்டைத் தம் விரல்நுனிகளால் தடவி அறிந்ததே அவருக்கு உரைகல்.

முறிந்த எலும்பின் முனைகள் ஒன்றோடொன்று உராயும்போது எழும் நறநறப்பைக் கொண்டே அக்காலத்தவர் முறிவை உறுதி செய்தனர். இந்தக் காயத்திலோ கையை எவ்வளவு அசைத்தாலும் அந்த உராய்வு தோன்றவில்லை. ஆகவே முறிவு இல்லை என்று முடிவு கட்டினர். காலிஸ் ஓர் எளிய சோதனையைச் சொன்னார். முதலில் நோயாளியின் கையை அளவாக முன்னோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பு நிலையிலேயே கையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். அப்போது எலும்பின் அடித்துண்டு தனியே நகர்வதை மருத்துவரின் மற்றொரு கை உணரும். இழுத்தவுடன் கோணல் நேராகிவிடும்; இழுப்பைத் தளர்த்தியவுடன் திரும்பி வந்துவிடும். விலகிய மூட்டோ ஒருமுறை சரிசெய்தால் எளிதில் மீளாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே அவர் முறிவையும் விலகலையும் பிரித்தறிந்தார். இழுத்து நேராக்கிய கையை முன்னும் பின்னும் மெத்தையிட்ட தகடுகளால் அணைத்துக் கட்டுமாறு அறிவுறுத்தினார்.

கவனியாது விடப்பட்டாலும் காலப்போக்கில் கை வலியின்றி இயங்கத் தொடங்கும், கோணல் மட்டும் ஆயுள் முழுதும் இருக்கும் என்பது அவர் எழுதிய மற்றொரு கருத்து. இதனைப் பிடித்துக்கொண்டு அலட்சியமாக இருந்த மருத்துவரும் உண்டு. காலிஸின் கருத்து அதுவன்று. தவறாகக் கணிக்கப்பட்ட ஒரு காயம் எத்தனை பேரை வாழ்நாள் முழுவதும் கோணிய கையோடு நடமாட விட்டிருக்கிறது என்ற வருத்தமே அக்கட்டுரையை எழுதத் தூண்டியது என்று கருத இடமுண்டு.

உண்மையை மறைக்காத இயல்பு அவர் வாழ்வின் பிற பக்கங்களிலும் காணப்படுகிறது. காறை எலும்பின் அடியில் ஓடும் பெருந்தமனியைக் கட்டும் அறுவையைத் துணிந்து செய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். அதில் நோயாளிகளைக் காப்பாற்ற இயலாமற் போனதையும் 1815இல் வெளிப்படையாக எழுதினார். தம் கணக்கேட்டில், பயனில்லாத ஆலோசனை கூறியதற்குப் பெற்ற கட்டணம் இன்னது, நோயே இல்லாதவரிடம் நோயில்லை என்று சொன்னதற்குப் பெற்றது இன்னது என்று நகைச்சுவை தோன்றக் குறித்து வைத்திருந்ததாகச் சொல்வர். 1839இல் அரசு வழங்க முன்வந்த பாரனெட் பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டார்.

முதுமையில் நோயுற்று வருந்திய காலிஸ், தம் இறப்பை அஞ்சாது எதிர்நோக்கினார். தமக்கிருந்த நோயின் உண்மையான தன்மை பிறருக்குப் பயன்பட வேண்டும் என விரும்பி, தாம் மறைந்தபின் தம் உடலை அறுத்து ஆராயுமாறு ராபர்ட் ஸ்மித் என்னும் இளைய மருத்துவரை முன்னதாகவே கேட்டுக்கொண்டார். ஆயிரமாயிரம் மாணவருக்கு மனித உடலைத் திறந்து காட்டியவர் தம் உடலையும் அதே பணிக்குக் கொடுத்தார். 1843இல் அவர் காலமானார். ஸ்மித் அவர் விரும்பியவாறே செய்து முடித்து, கண்டதை வெளியிட்டார்.

இந்த ஸ்மித் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1847இல் மூட்டுகளை ஒட்டிய முறிவுகளைப் பற்றி ஒரு சிறந்த நூலை இவர் வெளியிட்டார். காலிஸ் முறிவுக்கு நேர் எதிராக, எலும்பு உள்ளங்கைப் பக்கம் சாயும் முறிவை அதில் விளக்கினார். அது இன்று ஸ்மித் முறிவு எனப்படுகிறது. டிரினிட்டி கல்லூரியில் அவர் வகித்த அறுவை மருத்துவப் பேராசிரியர் இருக்கையில் 1873இல் எட்வர்டு பென்னட் அமர்ந்தார். பென்னட்டின் கண்கள் கட்டைவிரலின்மேல் சென்றன. அருங்காட்சியகத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருந்த பழைய எலும்புகளை ஆராய்ந்து, கட்டைவிரலின் அடி எலும்பு மணிக்கட்டோடு சேரும் மூட்டுக்குள்ளேயே சாய்வாகப் பிளக்கும் முறிவை 1882இல் அவர் எழுதி வெளியிட்டார். காலிஸுக்குக் கிடைக்காத வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மணிக்கட்டுக்கும் கட்டைவிரலுக்கும் உரிய இம்மூன்று பெயர்களும் டப்ளின் என்னும் ஒரே நகரத்தில், ஆசிரியர் மாணவர் வழியாகக் கைமாறி வந்தவை.

இம்மூவருள் காலிஸின் காலத்தில் முறிந்த எலும்பை அறுத்துத் திறந்து சேர்ப்பது எண்ணிப் பார்க்கவும் அரிதாயிருந்தது. ஈதர் மயக்க மருந்து 1846இல்தான் வந்தது. புண் சீழ்ப்பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் 1867இல் வெளியிட்டார். இவ்விரண்டும் இல்லாமல் மூடிய தோலைத் திறப்பது உயிருக்கே கேடாய் முடியக்கூடும். இன்று பென்னட் முறிவில் கட்டைவிரலை இழுக்கும் தசையின் விசை எலும்பை ஓயாது விலக்கிக்கொண்டே இருப்பதால், வெறும் கட்டு பெரும்பாலும் நிலைப்பதில்லை. ஆகவே மெல்லிய கம்பிகளைத் தோல் வழியே செலுத்தியோ சிறு திருகாணி கொண்டோ துண்டுகளைப் பிணைக்கின்றனர். மணிக்கட்டு முறிவில் மூட்டின் பரப்பே சிதைந்திருந்தால், அல்லது கட்டிய பின்னும் எலும்பு நழுவினால், உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து உலோகத் தகடு பொருத்துகின்றனர். இளையோருக்கும் கையால் உழைத்து வாழ்வோருக்கும் இது பெருந்துணை. முதியோரிடத்து நிலைமை வேறு. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களிடையே நடந்த ஆய்வுகளில், ஓராண்டு கழித்துப் பார்த்தால் தகடு வைத்த கைக்கும் மாவுக்கட்டு மட்டும் போட்ட கைக்கும் செயல்திறனில் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. எக்ஸ் கதிர்ப் படத்தில் கோணலாகத் தெரியும் கை, அன்றாட வேலைகளைச் செவ்வனே செய்துகொண்டிருக்கிறது. கோணல் நிற்கும், வலி நீங்கும், கை இயங்கும் என்று 1814இல் காலிஸ் எழுதியதை, முதியோர் அளவிலேனும் அறுவை மருத்துவர்கள் இன்று மீண்டும் எடுத்துப் படிக்கின்றனர்.

அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஸ்டீவன்ஸ் மருத்துவமனை 1987இல் மூடப்பட்டது. கட்டடம் இடிக்கப்படவில்லை. லிஃபி ஆற்றின் தென்கரை அருகே, அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் அலுவலகமாக அது இன்றும் நிற்கிறது.